திரை அணைந்த பிறகும் சூடு

முதலில் வந்தது வாசனைதான். பின்கட்டில் தேநீர் கலக்கி எடுத்துக்கொண்டு வந்தவள், அறைக் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பிளாஸ்டிக் கருகும் வாசனை. அன்று காலை அந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

மேசைமேல் சோதனைக்கென்று வைத்திருந்த சிறிய இயந்திரத்திலிருந்துதான் அது வந்தது. இரண்டு எஃகு உருளைகள், நடுவில் மெல்லிய இடைவெளி, பக்கத்தில் ஒரு கணினி. உருளையை ஒட்டி வைத்துவிட்டுப் போன என் பேனாவின் மூடி உருகி, மேசை விளிம்பு வரை வழிந்திருந்தது. கணினித் திரையில் டிரைவர் அகற்றப்பட்டதாகச் சொல்லும் ஒரே ஒரு வரி. தேநீர் கலக்கப் போகும் முன் அதை அகற்றியவள் நான்தான். என் கணக்கில் அந்த இயந்திரம் அப்போதே அடங்கியிருக்க வேண்டும்.

சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். உருளையிலிருந்து இன்னும் அனல் அடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் படும்போதே தெரிந்தது, அது வேலை நேரத்துச் சூடு இல்லை, அதற்கும் மேலே போயிருக்கிறது என்று.

எங்கள் நிறுவனம் கோலாலம்பூரை ஒட்டிய ஸ்ரீ கெம்பாங்கானில், கார் பட்டறைகளும் மேசை நாற்காலிக் கிடங்குகளும் நிறைந்த கடை வரிசையின் மாடியில் இருக்கிறது. மசாலாத் தூள், முறுக்கு, மாவு என்று பொட்டலம் போடும் இயந்திரங்களுக்கு மூளை செய்து கொடுப்பது எங்கள் தொழில். பொட்டலத்தின் வாயைச் சூடான உருளைகள் அழுத்தி ஒட்டும். உருளையைச் சூடாக்கும் கார்டு என்ற மின்சுற்றுப் பலகைக்குத் தானாக யோசிக்கத் தெரியாது. கணினி சொல்வதைத்தான் கேட்கும். அந்தக் கணினிக்கும் கார்டுக்கும் நடுவே நின்று பேசும் நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். நான் டிரைவர் எழுதுகிறேன் என்று சொன்னால், லோரி ஓட்டுபவர்களுக்கு ஏதோ எழுதித் தருகிறேன் என்றுதான் என் அம்மா இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த டிரைவரை நான் எழுதவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவிட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அதற்குப் புதிய பதிப்பு ஒன்று தயார் செய்திருந்தோம், அதுவும் நன்றாகத்தான் ஓடியது. பழையதை அகற்றும்போது என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் பார்த்ததில்லை. அன்று வேறு ஒரு வேலைக்காகத்தான் நான் அதை அகற்றினேன்.

டிரைவர் வெளியேறும்போது செய்ய வேண்டியவை எழுதப்பட்டிருக்கும் பகுதியைத் திறந்து படித்தேன். வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தது. பதிந்த பெயரை நீக்கியிருந்தது. கார்டிலிருந்து வரும் அழைப்புகளை இனிக் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தது. கடைசியில் போய்வருகிறேன் என்பதுபோல் அந்த ஒரு வரி. கணினிக்குச் செய்ய வேண்டிய மரியாதை எல்லாம் செய்திருந்தது. உருளையைச் சூடாக்குவதை நிறுத்து என்று கார்டிடம் சொல்லும் வரி மட்டும் எங்கும் இல்லை.

திரும்பத் திரும்பப் படித்தேன். இல்லை.

அப்படியென்றால் கடைசியாகச் சொன்ன சொல்லையே கார்டு பிடித்துக்கொண்டிருக்கும். சூடாக்கு என்று சொன்ன நேரத்தில் டிரைவர் வெளியேறினால், அது சூடாக்கிக்கொண்டே இருக்கும். சூட்டை அளந்து போதும் என்று சொல்ல வேண்டிய டிரைவர்தான் போய்விட்டதே. அளவு மீறினால் அறுந்துபோகும் பியூஸ் ஒன்று உள்ளே இருந்தது உண்மைதான். ஆனால் அது இயந்திரம் தீப்பிடிக்காமல் இருக்க வைத்தது. கை பொசுங்குவதற்கு அவ்வளவு சூடு தேவையில்லை.

இத்தனை நாள் இது தெரியாமல் போனதற்குக் காரணம் எளிது. எங்கள் வாடிக்கையாளர்கள் யாரும் டிரைவரைத் தனியாக அகற்றுவதில்லை. மெயின் சுவிட்சை அணைப்பார்கள். எல்லாம் ஒன்றாகச் செத்துவிடும்.

கிள்ளானில் இருந்த ஒரு மசாலாத் தொழிற்சாலைதான் மாற்றிக் கேட்டது. ஒரே மெயினில் அவர்களுடைய இயந்திர வரிசை முழுவதும் ஓடியது. ஒரு இயந்திரத்துக்காக எல்லாவற்றையும் நிறுத்த முடியாது, ஓடும் கணினியிலேயே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றிக் கொடுங்கள் என்றார்கள். எங்கள் பாஸ் சரி என்றார். அதைச் செய்வதற்காக எங்கள் சர்வீஸ் எஞ்சினியர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், அன்று காலையே கிள்ளானுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

இது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

என் அம்மா பல வருடங்கள் கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இயந்திரங்களைத் துடைக்கும் வேலையில் இருந்தவர். துடைப்பவர்களுக்கு யாரும் தனியாக நேரம் கொடுப்பதில்லை. எப்போது இயந்திரத்தின் திரை அணைகிறதோ, அப்போது துணியோடு ஓட வேண்டும். மறுபடி வெளிச்சம் வருவதற்குள் முடிக்க வேண்டும். இந்த மசாலாத் தொழிற்சாலையிலும் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் டிரைவரை எடுப்பார். திரை அணையும். கொஞ்சம் ஆறட்டும் என்று நிற்பார்கள். அது ஆறாது.

சர்வீஸ் அண்ணனைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். அப்போதுதான் நினைவு வந்தது, அது உணவுத் தொழிற்சாலை. கைப்பேசியை வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். எடுத்த மலாய்ப் பெண்ணிடம் பாக்கிங் பகுதிக்கு உடனே ஆள் அனுப்பச் சொன்னேன். என்ன விஷயம் என்று கேட்டாள். இயந்திரத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள், போதும் என்றேன். கொஞ்சம் இருங்கள் என்றாள். பிறகு பாட்டுதான் கேட்டது. அந்தப் பாட்டைக் காதில் வைத்துக்கொண்டே படியிறங்கி, கார் கதவைத் திறந்தேன்.

நெடுஞ்சாலையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. பாஸைக் கூப்பிட்டேன். அவர் ஷா ஆலத்தில் ஏதோ கூட்டத்தில் இருந்தார்.

"பாஸ், கிள்ளான் மெஷின் ரோலர யாரும் தொடக்கூடாது. டிரைவர எடுத்தாலும் ஹீட்டர் நிக்காது. இப்பதான் பாத்தேன்."

"என்ன சொல்றீங்க? டெஸ்ட் எல்லாம் பண்ணிட்டோம்லா."

"ஏத்தித்தான் பாத்தோம் பாஸ். எடுத்துப் பாக்கல."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம், கதவு சாத்தும் சத்தம். பிறகு, "நான் அவங்க மேனேஜருக்கு அடிக்கிறேன். நீங்க மெதுவா ஓட்டுங்க," என்றார். அவர் குரல் மாறிவிட்டிருந்தது. அதைக் கேட்டதும் என் பயம் இன்னும் கூடியது. அதுவரை, நான்தான் பெரிதாக்குகிறேனோ என்ற ஒரு மூலை மிச்சமிருந்தது.

ஷா ஆலம் தாண்டுவதற்குள் வண்டிகள் நின்றுவிட்டன. எங்கோ முன்னால் விபத்து. என் முன்னால் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரி ஒன்று சுவர்போல் நின்றது. கண்ணாடியைத் துடைக்கும் கைகள் போய்வந்துகொண்டிருந்தன. எனக்கு வேறு எதையும் நினைக்க முடியவில்லை. உருகி வழிந்த அந்தப் பேனா மூடியே கண்ணுக்குள் நின்றது. மூடி இருந்த இடத்தில் மனதுக்குள் ஒரு கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று தலையை உதறினாலும் மறுபடி வந்தது. இடையிடையே கைப்பேசியில் அண்ணன் எண்ணை அழுத்தினேன். மணி மட்டும் அடித்தது.

அண்ணன் திருநெல்வேலிக்காரர். வேலை பெர்மிட்டில் வந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியில் இன்னும் சிலரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் மேடம், சார் என்பவர், என்னை மட்டும் 'ம்மா' என்று கூப்பிடுவார். யாராவது துணியோடு அவசரமாக வந்தால் நில்லுங்கள் என்று சொல்லக்கூடியவர். ஆனால் எவ்வளவு நேரம் நின்றாலும் அது ஆறாது என்று அவருக்குத் தெரியாது. எனக்கே அன்று காலைதான் தெரிந்தது.

தொழிற்சாலை வாசலில் காவலாளி அனுமதிச் சீட்டு கேட்டார். அடையாள அட்டையை அவர் மேசைமேல் போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் கத்தினார். தலைக்கு வலைத் தொப்பி போடவில்லை, காலணி மாற்றவில்லை. பாக்கிங் பகுதிக்குள் நுழைந்ததும் மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. அதோடு சூடேறிய பிளாஸ்டிக் வாசனை. அங்கே எப்போதும் அந்த வாசனை உண்டு. அதனால்தான் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

எங்கள் இயந்திரத்தின் திரை இருட்டாக இருந்தது. பக்கத்தில் அண்ணனின் லேப்டாப் திறந்தபடி கிடந்தது. அண்ணன் இல்லை. பாதுகாப்புக் கதவு திறந்திருந்தது. நடுத்தர வயதுத் தமிழ்ப் பெண்மணி ஒருவர், நீலச் சீருடையில், ஒரு கையில் மரக் கரண்டியும் இன்னொரு கையில் ஈரத் துணியுமாக உருளைகள் மேல் குனிந்துகொண்டிருந்தார். கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஆன்டி! கைய எடுங்க! எடுங்க கைய!"

அவர் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். துணி நழுவி உருளைமேல் விழுந்தது. விழுந்த இடத்தில் சீறிக்கொண்டு நீராவி எழும்பியது. ஆன்டி அதைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேற்பார்வையாளர் ஒரு மலாய்க்காரர். ஓடி வந்தார். மெயினை அணைக்கச் சொன்னேன். முழு வரிசையும் நின்றுவிடுமே, மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றார். சுவரில் சிவப்புக் கைப்பிடி தெரிந்தது. அவரைத் தாண்டிப் போய் நானே இழுத்துவிட்டேன். அத்தனை இயந்திரங்களும் ஒவ்வொன்றாக முனகி அடங்கின. கூரைமேல் மழை பெய்வது அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

"எங்க மெஷின் பாக்க வந்த அண்ணன் எங்க?" என்று ஆன்டியிடம் கேட்டேன்.

"கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. கை வெந்திருச்சு." அவர் ஈரக் கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டார். "நான் தொடைக்கத்தான் போனேன். நடுவுல பிளாஸ்டிக் மாட்டிக்கிட்டு இருந்துச்சு. இருங்கக்கா, நான் எடுத்துக் குடுக்கிறேன்னு அவரு கைய வெச்சாரு. எப்பவும் நிக்கறதவிட ஜாஸ்தி நேரம் நின்னுட்டுத்தாம்மா வெச்சாரு. புது புரோகிராம் ஏற மாட்டேங்குதுன்னு ரொம்ப நேரம் நின்னுக்கிட்டு இருந்தோம்."

"அப்புறம் ஏன் ஆன்டி நீங்க மறுபடி தொட்டீங்க?"

"பழைய சூடு மிச்சம் இருந்திருக்கும், இப்ப ஆறியிருக்கும், சீக்கிரம் சுரண்டி விடுங்கன்னு மேல இருக்கறவங்க சொன்னாங்க. லைன் ஓடணும்லா."

பாஸ் கூப்பிட்ட மேனேஜர் கைப்பேசியை எடுக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. நான் பேசிய பெண், நான் சொன்னதை யாரோ ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் ஏற்கெனவே விபத்து நடந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, அதைத்தான் சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டார்.

கிளினிக் இரண்டு சாலை தள்ளி இருந்தது. அண்ணன் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை முழுக்க வெள்ளைக் கட்டு. முகத்தில் இரத்தமே இல்லை. உருகிய பிளாஸ்டிக் தோலோடு ஒட்டிக்கொண்டதால் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். நான்தான் காரில் ஏற்றினேன்.

போகும் வழியில் வலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"நான் பாத்துட்டுத்தாம்மா கை வெச்சேன். எதுக்கு இப்பிடி ஆச்சுன்னே வெளங்கல."

"உங்க தப்பு இல்லண்ணே. டிரைவர எடுத்தாலும் ஹீட்டர் நிக்கல. அதுல நிறுத்தச் சொல்ற வரியே இல்ல."

அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அது ஆறவே ஆறியிருக்காதா?"

"இல்லண்ணே."

"அந்தக்கா கைய வெச்சிருந்தா?"

துணி விழுந்து சீறிய சத்தம் காதில் இருந்தது.

"பெர்மிட்டு புதுப்பிக்கிற நேரம்மா," என்றார் அப்புறம், மெதுவாக. "கை போச்சுன்னா அனுப்பிருவாவ. பாஸ் என்ன சொல்லுவாரோன்னு பயமா இருக்கு. ஊர்ல வீட்டுக்குச் சொல்லிராதீய. அவ பயந்துருவா."

இடது கையால் கட்டுப்போட்ட கையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

மறுநாள் பாஸின் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. இரவெல்லாம் தூங்காத முகம். மசாலாத் தொழிற்சாலை கையைவிட்டுப் போனால் எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மேசையைப் பார்த்தபடியே பேசினார்.

"அவங்க என்ன நடந்துச்சுன்னு கேக்கறாங்க. மெயின ஆஃப் பண்ணாம கை வெச்சது ஆபத்துதானே? அத சொன்னா போதும்லா. டிரைவர நாம கமுக்கமா சரி பண்ணிக்கலாம்."

"மெயின் ஆஃப் பண்ணாம வேல செய்யத்தான பாஸ் நாமளே அவர அனுப்புனோம்."

அவர் நிமிரவில்லை. இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

"ரவாங்லயும் ஷா ஆலத்துலயும் இதே கார்டுதான் ஓடுது. அண்ணன் தப்புன்னு சொல்லிட்டா, அங்க இருக்கறவங்களுக்கு என்னன்னு சொல்லி நிறுத்துவீங்க?"

அவர் மேசைமேல் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். வேலை போனது என்றே நினைத்தேன். பிறகு கைப்பேசியை எடுத்தார். என்னைப் போகச் சொல்லவில்லை. என் எதிரிலேயே ஒவ்வொரு வாடிக்கையாளராகக் கூப்பிட்டு, மெயினை அணைக்காமல் யாரும் உருளையைத் தொடக்கூடாது, எங்கள் மென்பொருளில் குறை இருக்கிறது என்று சொன்னார். கிள்ளானைக் கடைசியாகக் கூப்பிட்டார். எங்கள் ஆள்மேல் தப்பில்லை என்று அவர்களிடம் சொன்னார். அந்தப் பக்கம் இருந்தவர் கத்தியது எனக்கும் கேட்டது.

டிரைவரைச் சரிசெய்யும் வேலை எனக்கு வந்தது. சின்ன வேலை என்றுதான் பாஸ் நினைத்தார், நானும் நினைத்தேன். வெளியேறும் பகுதியின் தலையில், சூடாக்குவதை நிறுத்து என்று ஒரு வரி சேர்த்தேன். அகற்றிப் பார்த்தேன். உருளை ஆறியது. மறுபடி ஏற்றி, மறுபடி அகற்றினேன். ஆறியது. இப்படியே காலை முழுக்கச் செய்தேன். மனம் கொஞ்சம் இறங்கியது.

சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு முறை அகற்றினேன். திரையில் டிரைவர் அகற்றப்பட்டது என்ற வரி வரப்போகும் நேரம், 'டக்' என்று ஒரு சத்தம்.

சின்னச் சத்தம்தான். சூட்டுக்கு மின்சாரம் போவதைத் திறந்து மூடும் ரிலே போடும் சத்தம். நிறுத்தியபோது ஒரு முறை கேட்டது சரி. இது இரண்டாவது. கார்டின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரையில் டிரைவர் இல்லை, உருளை மறுபடி சூடாகிக்கொண்டிருந்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சுவர்வரை பின்னால் போய்விட்டேன். மேசையில் இருப்பது ஏதோ உயிருள்ளது போலவும் நான் திரும்பினால் பாயும் போலவும் இருந்தது. பிளக்கைப் பிடுங்கப் போன கை இரண்டு முறை வழுக்கியது.

காரணம் கண்டுபிடிக்க அன்று மாலைவரை ஆனது. சூட்டைப் பார்த்து ஏற்றி இறக்குவதற்கென்று டிரைவருக்குள் ஒரு சிறு வேலை, இடைவெளி விட்டுத் தானாக விழித்து ஓடிக்கொண்டிருந்தது. நான் நிறுத்து என்று சொன்னேன். ஆனால் அந்த வேலையை நிறுத்தும் முன்பே சொல்லிவிட்டேன். எப்போதாவது ஒரு முறை, அந்த நூலிழை நேரத்துக்குள் அது விழித்துக்கொள்ளும். சூடு குறைகிறதே என்று பார்த்து, நல்ல பிள்ளையாக மறுபடி சூடாக்கிவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் நிறுத்தச் சொல்ல ஆளில்லை. கிள்ளானில் இப்படி ஒரு டிரைவரைக் கொண்டுபோய் ஏற்றியிருந்தால், நாங்களே இது பாதுகாப்பானது என்று சொல்லி ஆன்டியைக் கை வைக்கச் சொல்லியிருப்போம். பத்து முறை ஆறி, பதினோராவது முறை ஆறாமல் இருப்பது, ஒருபோதும் ஆறாததைவிடக் கொடுமை.

வரிசையை மாற்றி எழுதினேன். முதலில் புதிய கட்டளைகள் எதையும் வாங்காமல் வாசலை மூடுவது. பிறகு தானாக விழிக்கும் அந்த வேலையை ரத்து செய்வது. பாதியில் ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருப்பது. அப்புறம்தான் சூட்டை நிறுத்தச் சொல்வது. சொன்னதோடு விடாமல், நிறுத்திவிட்டாயா என்று கார்டிடமே திருப்பிக் கேட்பது. ஆமாம் என்று பதில் வந்த பிறகுதான் நினைவகத்தையும் மற்றதையும் விடுவது. ஏற்றும்போது எந்த வரிசையில் எடுத்தோமோ, விடும்போது அதைத் தலைகீழாக விட வேண்டும். படித்த காலத்திலேயே இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தது ஒன்று, பயந்து தெரிந்துகொண்டது வேறு.

அதுவும் எனக்குப் போதவில்லை. டிரைவர் தானே குழம்பி விழுந்துவிட்டால் வெளியேறும் பகுதி ஓடவே ஓடாதே. கணினியிடமிருந்து சமிக்ஞை வருவது நின்றால் தானாகவே மின்சாரத்தை வெட்டும் ஒரு சுற்றைக் கார்டிலேயே சேர்க்க வேண்டும் என்று பாஸிடம் கேட்டேன். மறுத்துப் பேசுவார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் சரி என்று மட்டும் சொன்னார்.

கிள்ளான் தொழிற்சாலை எங்களை உடனே விட்டுவிடவில்லை. சரிசெய்த கார்டைக் கொண்டுபோய்ப் போட அனுமதித்தார்கள். நான் போனேன். டிரைவரை ஏற்றி, இயந்திரத்தை ஓடவிட்டு, அகற்றினேன். திரை அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து வெப்பமானி ஆறிவிட்டது என்றது. ஆன்டி கதவுக்குப் பக்கத்தில், துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஆன்டி, இப்ப சரியாயிருச்சு."

"நீ தொட்டுக் காட்டு," என்றார்.

வெப்பமானியை மறுபடி பார்த்தேன். நான் எழுதியது, நானே நூறு விதமாகச் சோதித்தது. இருந்தும் கை நீளவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். இளஞ்சூடு. அவ்வளவுதான். வைத்த வேகத்திலேயே கையை இழுத்துக்கொண்டேன்.

ஆன்டி அதைப் பார்த்துவிட்டு, "உனக்கே பயமா இருக்கு," என்றார். கோபமில்லை, சும்மா சொன்னார். அடுத்த வாரம் அவர் பொட்டலங்களை அடுக்கும் பகுதிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

அண்ணன் கையில் தோல் வைத்து ஒட்டினார்கள். இரண்டு விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. பிரிக்பீல்ட்ஸில் அவர் அறைக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனபோது, கூட இருந்தவர் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணன் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டார். பெர்மிட்டைப் புதுப்பிக்க பாஸ் கையெழுத்துப் போட்டுவிட்டதை நான்தான் சொன்னேன். அண்ணன் நம்பாமல் இரண்டு முறை கேட்டார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பி, ஊருக்குப் போன் போட்டு, கையில் சின்னக் காயம், ஆறிப்போச்சு என்று மனைவியிடம் சொன்னார்.

அவர் மறுபடி வேலைக்கு வந்த பிறகு நாங்கள் இருவரும் முதலில் போனது ரவாங்குக்கு. அங்கே மாவுப் பொட்டலம் போடும் இயந்திரம். கார்டை மாற்றி, டிரைவரை ஏற்றி, அகற்றினோம். திரை அணைந்தது. வெப்பமானியை உருளைமேல் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். எண் இறங்கிக்கொண்டே வந்து நின்றது.

"ஆறிருச்சுண்ணே," என்றேன்.

"ஆமா, ஆறிருச்சு."

தொழிற்சாலைக்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் நகரவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் நிப்போம்மா," என்றார். நானும் அதைத்தான் சொல்ல நினைத்திருந்தேன். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, ஆறிப்போன உருளைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.